ஆறு மணிக்குச் சொல்லாத பனி

ஹன்ட்ஸ்வில், அலபாமா
ஞாயிறு, பிப்ரவரி 12, 1989

என் அன்பு ரோவீனா,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உனக்கு ஏதாவது ஒன்று என்றால் டல்லி க்ரீக் ஊரே எனக்குப் போன் போட்டுத் திட்டியிருக்குமே!

நான் போன் செய்தால் வைத்துவிடுகிறாய். தபாலில் எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறாய். அதனால் இதை பிரெட் வண்டி ஹாலிஸிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் வாடகைக்கு இருக்கிற அறைக்கு நேர் கீழேதான் அவன் சரக்கு ஏற்றுகிற பேக்கரி. விடியற்காலையில் உன் கடையில் பிரெட்டை இறக்கும்போது இதையும் இறக்கிவிடுவான். பிரெட்டை நீ திருப்பி அனுப்ப மாட்டாய், இதையும் அப்படியே வைத்துக்கொள்.

அறை பரவாயில்லை. நாள் முழுக்க பிரெட் வாசனை. முதல் வாரம் சந்தோஷமாக இருந்தது, இப்போது வயிற்றைப் புரட்டுகிறது. நேற்று முட்டை பொரித்தேன். அது சட்டியை விட்டு வரவே இல்லை. சட்டியோடு தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, கடையில் ஏதோ வாங்கித் தின்றேன். உன் சோள ரொட்டியையும் பன்றிக்கறி போட்ட பீன்ஸையும் நினைத்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போலிருக்கிறது.

பதின்மூன்று மாதம் ஆகிவிட்டது, ரோவீனா. நீ பெட்டியை வாசலில் வைத்தாய், நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினேனா? இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் ஒரே ஒரு நாள் தப்பு செய்துவிட்டேன். அதற்கு இவ்வளவு தண்டனையா? வருகிற சனிக்கிழமை எனக்கு லீவு. வீட்டுக்கு வரட்டுமா? "சாப்பிட்டுட்டுக் கிளம்பு" என்று சொன்னால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறேன். "இரு" என்று சொன்னால் இருக்கிறேன்.

பதிலை ஹாலிஸிடமே கொடு. மதியத்துக்குள் எனக்கு வந்துவிடும்.

உன்
டெல்

*

டல்லி க்ரீக்
திங்கள், பிப்ரவரி 13

டெல்பர்ட்,

ஹாலிஸ் உன் கவரைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இரண்டு கையாலும் நீட்டினான். "படிச்சிட்டுப் பதில் எழுதுங்க அக்கா, நான் மெதுவா இறக்குறேன்" என்கிறான். இந்த ஆளையும் வளைத்துப் போட்டுவிட்டாயா? உன் வாய் இருக்கிறதே, அது வங்கிக் கடன்கூட வாங்கித் தரும்.

ஒரே ஒரு நாள் தப்பு என்று எழுதியிருக்கிறாய். அந்த நாள் உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை, சொல்கிறேன், கேள்.

போன வருஷம் ஜனவரி. நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. "ரோவீனா, கிடைக்கிற பிரெட்டையெல்லாம் வாங்கிப் போடு, பாலை ரெட்டிப்பாச் சொல்லு, பத்து அங்குலம் பனி கொட்டப்போகுது" என்று சொன்னது யார்? அன்றைக்கு ஆறு மணிக்கு டிவியில் வானிலை வாசிக்கும்போதும் அதையே சொன்னாய். ஊரே கடைக்கு ஓடிவந்தது. உனக்குத்தான் நம் ஊரைத் தெரியுமே. பனி என்ற சொல் காதில் விழுந்தால் போதும், ஜென்மத்தில் பால் குடிக்காதவன்கூட நாலு கேன் தூக்குவான். மறுநாள் விடிந்தால் வெயில்! துணி காயப்போடுகிற வெயில்! வாங்கிப்போனவர்களெல்லாம் பாலைத் திருப்பிக் கொண்டுவந்து என் கவுன்டரில் வைத்தார்கள். சரி, வானம் யார் பேச்சைக் கேட்கும்? அதற்காக நான் உன்மேல் கோபப்படவே இல்லை. அன்று மத்தியானம் உனக்காகப் பரிதாபப்பட்டேன், தெரியுமா?

சாயங்காலம் டிவியைப் போட்டேன். நீ சிரித்துக்கொண்டே சொல்கிறாய்: "வாய்ப்பு இருக்குன்னுதான் நான் சொன்னேன். சில கடைக்காரங்க கொஞ்சம் பயந்துட்டாங்க." உடனே என் கடையைக் காட்டுகிறார்கள். விற்காத பால் வரிசை. அதற்குப் பக்கத்தில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வாயைப் பிளந்தபடி நான். சில கடைக்காரர்கள்! உன் பெண்டாட்டி என்றுகூட இல்லை, சில கடைக்காரர்கள்!

முதலாளி ஸ்டாலிங்ஸ் மறுநாளே வந்துவிட்டார். "இனிமே என்னைக் கேக்காம ஒரு பாக்கெட் அதிகமா வாங்கினாலும் சாவியை வெச்சிட்டுப் போயிடு" என்றார், வேலை செய்கிற பெண்கள் எல்லோர் முன்னாலும். பத்தொன்பது வருஷமாக நான் நடத்துகிற கடை, டெல்.

வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்கிறாய். வா. ஆனால் அதற்கு முன்னால் ஆறு மணிச் செய்தியில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வா. "போன வருஷம் பயந்தது நான்தான், ரோவீனா ப்ரூயிட் இல்லை." அவ்வளவுதான். அழ வேண்டாம், மண்டி போட வேண்டாம். அதைச் சொன்ன அன்றைக்கே சோள ரொட்டி சுடுகிறேன். சொல்லாமல் வந்தால் கதவு திறக்காது.

ரோவீனா

*

ஹன்ட்ஸ்வில்
செவ்வாய், பிப்ரவரி 14

என் கண்ணே ரோவீனா,

இன்றைக்குக் காதலர் தினம். இத்தோடு ஒரு பெட்டி சாக்லேட் வருகிறது. ஹாலிஸ் வழியில் பிரித்துத் தின்றிருந்தால் எனக்கு எழுது.

நீ கேட்டது ஒரு வாக்கியம்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் நிலைமையைக் கொஞ்சம் யோசி. அந்தப் பனி விழாத மறுநாள் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாங்கி வைத்த பாலை எங்கள் ஸ்டுடியோ வாசலில் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒரு வாரம் நாறியது. இன்றைக்கும் பெட்ரோல் போடப் போனால், "என்ன டெல்பர்ட், இன்னைக்குப் பத்து அங்குலமா?" என்று கேட்கிறான் அந்தப் பையன். அவன் அப்பா வயசு எனக்கு. நான் பல்லைக் காட்டிவிட்டு வருகிறேன். எங்கள் மேனேஜர், தன்னைக் கேட்காமல் பனி என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்கு ஐம்பத்து நாலு வயசு. இந்த வேலை போனால் அப்புறம் நான் எங்கே போய் மழை பெய்யும் என்று சொல்வது?

சொல்ல மாட்டேன் என்று சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சொல்கிறேன். வசந்தம் வரட்டும், ஏப்ரலில் ஒரு நாள், பேச்சோடு பேச்சாக, சிரித்தபடி சொல்லிவிடுகிறேன். அதுவரைக்கும் நம் இரண்டு பேரையும் பட்டினி போடாதே. சனிக்கிழமை வரட்டுமா?

உன்
டெல்

*

டல்லி க்ரீக்
புதன், பிப்ரவரி 15, காலை

டெல்பர்ட்,

சாக்லேட்டை ஹாலிஸுக்கே கொடுத்துவிட்டேன். அவன் மனைவிக்கு ஆயிற்று.

ஏப்ரலில் சொல்கிறாயா? பூப் பூத்த பிறகு பனியைப் பற்றிப் பேசினால் எவன் காதில் விழும்? அப்படியே ஜூலையில் சொல்லேன், இன்னும் பாதுகாப்பு.

அதை விடு. இதை அவசரமாக எழுதுகிறேன். நேற்று உன் ஆறு மணிச் செய்தியைப் பார்த்தேன். தினமும் பார்க்கிறேன், கோபத்தோடு பார்க்கிறேன், ஆனால் பார்க்கிறேன். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழைதான், குடையை மறக்காதீங்க" என்று சொன்னாய். சொல்லும்போது ஒரு தடவைகூட நீ வரைபடத்தின் பக்கம் திரும்பவில்லை. நேரே காமிராவைப் பார்த்து எல்லாப் பல்லையும் காட்டினாய். நீ நம்புகிற விஷயத்தைச் சொல்லும்போது எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு வரைபடத்தோடு பேசுவாய். நம்பாததைச் சொல்லும்போதுதான் சிரிப்பாய். இத்தனை வருஷமும் நான் பிரெட்டுக்குச் சொன்னது உன் வரைபடத்தைப் பார்த்து என்றா நினைத்தாய்? உன் முகத்தைப் பார்த்துத்தான்.

பனி வருகிறது, இல்லையா? எத்தனை அங்குலம்? ஒரு எண்ணை மட்டும் எழுது.

ரோவீனா

*

ஹன்ட்ஸ்வில்
புதன், பிப்ரவரி 15, மாலை

ரோவீனா,

உன்னிடம் ஒன்றை மறைக்க முடியுமா!

ஒன்பது. குறைந்தது ஒன்பது அங்குலம். வெள்ளிக்கிழமை நாலு ஐந்து மணிக்கு மழையாக ஆரம்பிக்கும், ரோடெல்லாம் நனைந்ததும் அப்படியே உறைந்து பனியாக மாறும். வடக்கிலிருந்து குளிர் இறங்குகிறது, தெற்கே வளைகுடாவிலிருந்து ஈரம் ஏறுகிறது, இரண்டும் நம் தலைக்கு மேலேதான் முட்டிக்கொள்ளப் போகின்றன. இந்த இருபது வருஷத்தில் இவ்வளவு தெளிவான வரைபடத்தை நான் பார்த்ததில்லை. போன வருஷம் நான் ஊகித்தேன். இந்த வருஷம் எனக்குத் தெரியும்.

மேனேஜரிடம் காட்டினேன். சனிக்கிழமை டயர் கடைக்காரர்களின் பெரிய தள்ளுபடி விற்பனை, நம் செய்திக்கு விளம்பரம் கொடுப்பவர்களே அவர்கள்தான். "இன்னொரு தடவை ஊரைக் கிளப்பிவிட்டு வெயில் அடிச்சா, நீயும் போவே, நானும் போவேன். மழைன்னே சொல்லு. வெள்ளிக்கிழமை நிச்சயமாத் தெரிஞ்சா மாத்திக்கலாம்" என்றார். நான் என்ன செய்யட்டும், சொல்?

நீ பிரெட் வாங்கிப் போடு. பாலும் வாங்கிப் போடு. வீட்டுக்கு மண்ணெண்ணெய் பார்த்து வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் வண்டி எடுக்காதே. இது நான் சொன்னதாக யாருக்கும் தெரியக்கூடாது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன்
டெல்

*

டல்லி க்ரீக்
வியாழன், பிப்ரவரி 16, விடியற்காலை

டெல்பர்ட்,

அடப்பாவி மனுஷா! மறுபடியும் என் காதில் மட்டும்தானா?

நான் என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய். வாயைத் திறந்து சொல். வேறென்ன செய்வார்கள்? உன் செய்தியை நம்பி நாளைக்கு எத்தனை பேர் வண்டியை எடுப்பார்கள்? பள்ளிக்கூட பஸ் போகும், மில்லில் சாயங்கால ஷிப்ட் போவார்கள், இந்த ஊர் மலை ரோடு உனக்குத் தெரியாதா? நீ முதல் முதலில் காரை உருட்டிப் பள்ளத்தில் விட்டதே இங்கேதான்.

ஹாலிஸிடம் முந்நூறு பாக்கெட் பிரெட் சொல்லிவிட்டேன். வழக்கமாக வாங்குவது அறுபது. பால் பண்ணைக்குப் போன் போட்டு, லாரி கொள்ளுகிற வரைக்கும் ஏற்றச் சொல்லிவிட்டேன். ஸ்டாலிங்ஸைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், எனக்கு அந்தப் பதில் வேண்டாம். பனி விழாவிட்டால் சனிக்கிழமை சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போவேன். போனால் போகட்டும். இந்த ஐம்பத்தொரு வயசில் தக்காளி பொறுக்கப் போனாலும் போவேனே தவிர, தெரிந்துகொண்டே சும்மா இருக்க மாட்டேன்.

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. ஏப்ரன் பையில் இருக்கிறது.

இன்றைக்கு ஆறு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பேன். போன வருஷக் கதையை நான் இப்போது கேட்கவில்லை. அது பாட்டுக்குக் கிடக்கட்டும். இந்த ஒன்பது அங்குலத்தை மட்டும் சொல், போதும். அதைச் சொன்னால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறேன், சத்தியமாக. சனிக்கிழமை பனியில் நடந்தாவது வந்துசேர்.

ரோவீனா

*

டல்லி க்ரீக்
வெள்ளி, பிப்ரவரி 17, மாலை ஐந்து மணி

டெல்பர்ட்,

இது உனக்கு எப்போது வந்துசேரும் என்று தெரியாது. காலையில் போன ஹாலிஸ் இனி ரோடு திறந்தால்தான் வருவான்.

நேற்று ஆறு மணிக்கு நீ சொன்னது: "குடை, ரெயின்கோட், ஒரு கப் சூடான காப்பி." சிரித்தாய். மேல் வரிசையில் எத்தனை பல் இருக்கிறது என்று எண்ணிவிடலாம் போல இருந்தது. நான் டிவியை அணைத்துவிட்டு, கடைக்கு நடந்துபோய், ஒரு பெரிய அட்டையை எடுத்துக் கறுப்பு மையால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன்.

"வெள்ளி மாலை ஒன்பது அங்குலம் பனி. சொல்வது ரோவீனா ப்ரூயிட். வராவிட்டால் என்னைத் திட்டவும். வீட்டுக்கு இரண்டு பிரெட், ஒரு பால். சாமியாரே வந்தாலும் அவ்வளவுதான்."

உன் பெயரை எழுதவில்லை. உன் கடிதத்தை அங்கே ஒட்டுவதற்குக் கை போனது, நிஜமாகவே போனது. பசை தடவிய விரலோடு நின்றேன். அப்புறம் மடித்துப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். என்ன இருந்தாலும் உன் சோற்றில் மண் அள்ளிப் போட மனசு வரவில்லை.

காலையில் கடை திறந்ததும் சிரிப்புதான். முடிவெட்டுகிற ஓர்வில் போர்டைப் படித்துவிட்டு, "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் மழைங்கறாரு, நீங்க பனிங்கறீங்க. வீட்டுச் சண்டையைக் கொண்டுவந்து கடைக் கண்ணாடியில ஒட்டிட்டீங்களா?" என்றான். "ஆமாண்டா, நீ குடையைப் புடிச்சிட்டுப் போ" என்றேன். போனவன் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து இரண்டு பிரெட் எடுத்தான். "சும்மா, எதுக்கும் இருக்கட்டும்னுதான்" என்றான். அவன் கையில் பிரெட்டைப் பார்த்து இன்னொருத்தி எடுத்தாள். அவள் வண்டியில் பாலைப் பார்த்து எதிரே வந்தவர்கள் காரைத் திருப்பினார்கள். அவ்வளவுதான், டெல், ஒன்பதரைக்கெல்லாம் கடைக்குள்ளே மூச்சு விட இடமில்லை.

நீ பார்த்திருக்க வேண்டும். பேட்டரி ரேக் காலி. மெழுகுவர்த்தி காலி. சர்க்கரையும் வனிலாவும் காலி, ஏனென்றால் பனியை அள்ளிப் பாலூற்றி ஐஸ்கிரீம் பண்ணுவார்களாம்; உயிர் பிழைக்கிறார்களோ இல்லையோ, ஐஸ்கிரீம் உண்டு. பீன்ஸ் டப்பாவுக்கு இரண்டு பெண்கள் இழுத்துக்கொண்டார்கள், இரண்டு பேரும் ஒரே தேவாலயத்தில் பாடுகிறவர்கள். பாதிரியார் ஆட்டிஸ் தள்ளுவண்டியில் எட்டுக் கேன் பாலை அடுக்கி, மேலே கோட்டைப் போட்டு மூடிக்கொண்டு வந்தார். நான் கோட்டைத் தூக்கினேன்.

"இது சபைக்கு, சகோதரி" என்றார்.

"சபைதான் மொத்தமா இங்க வரிசையில நிக்குதே, பாதிரியாரே. யாருக்கு இந்த ஏழும்?" என்றேன்.

வரிசை முழுக்கச் சிரித்தது. ஒரு கேனை எடுத்துக்கொண்டு கோட்டைக் கையில் போட்டபடி போனார். நல்ல மனுஷர்தான், பயம் யாரை விட்டது. நான் கவுன்டர் மேலேயே ஏறி நின்றுகொண்டு கத்தினேன்: "ரெண்டுக்கு மேல எடுத்தவங்க திருப்பி வைங்க, பின்னாடி நிக்கிறது உங்க பக்கத்து வீட்டுக்காரங்க!" வைத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே வைத்தார்கள்.

மூன்று மணிக்கு மலைமேலிருந்து யூலா மேடக்ஸ் வந்தாள். படுத்த படுக்கையாக இருக்கிற புருஷனுக்கு வேண்டியதை நான் முன்னாலேயே எடுத்து வைத்திருந்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள். "ரோவீனா, டெல்பர்ட் உன்கிட்ட ஏதாவது சொன்னாரா? என் பொண்ணு டார்லா வேலை முடிஞ்சதும் கைக்குழந்தையோட ஹன்ட்ஸ்வில்லேருந்து கிளம்பறா. டெல்பர்ட்டே சொன்னாருன்னு சொன்னா நின்னுடுவா" என்றாள்.

ஏப்ரன் பையில் உன் கடிதம். "இல்ல யூலா, எனக்கே தோணிச்சு. ஆனா அவளை வர வேணாம்னு சொல்லு" என்றேன். கடை போனை எடுத்து டயல் செய்து அவள் கையிலேயே கொடுத்தேன். பேசினாள். அதற்குள் பின்னால் யாரோ முட்டைத் தட்டைப் போட்டு உடைத்தார்கள், நான் அந்தப் பக்கம் ஓடிவிட்டேன்.

இப்போது கடை காலியாக இருக்கிறது. முந்நூற்றில் நாற்பது பாக்கெட்டை ஒளித்து வைத்திருக்கிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு. வெளியே கால் மணி நேரமாக மழை. இதோ, கண்ணாடியில் விழுவது உருகாமல் நிற்க ஆரம்பித்துவிட்டது. நீ சொன்னபடியே, நிமிஷம் பிசகாமல். எவ்வளவு கெட்டிக்காரன் நீ! அதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

ரோவீனா

*

ஹன்ட்ஸ்வில்
திங்கள், பிப்ரவரி 20

என் உயிர் ரோவீனா,

நீ பத்திரமாக இருக்கிறாய் என்று போலீஸ் வயர்லெஸ்காரர் மூலம் தெரிந்துகொண்டேன். நாளை ரோடு திறக்கிறதாம், ஹாலிஸ் முதல் வண்டியாகக் கிளம்புகிறான்.

இங்கே பெரிய கலவரம். பதினோரு அங்குலம். ஆபீஸ் விட்டு வீட்டுக்குக் கிளம்பினவர்கள் ரோட்டிலேயே காருக்குள் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தக் கடையிலும் ஒரு துண்டு பிரெட் இல்லை. போன் மணி நிற்கவில்லை: "ஏன்யா முன்னாடியே சொல்லல?" மேனேஜர் தலையைக் காட்டாமல் அறைக்குள் இருக்கிறார். யாராவது ஒருவர் போயாக வேண்டும் என்று மேலிடத்தில் பேசுகிறார்களாம். யார் என்று உனக்கே தெரியும்.

ஊர் முழுக்க உன் பேச்சுதான். டல்லி க்ரீக்கில் ஒரு கடைக்காரம்மா மட்டும் முன்கூட்டியே சொன்னாராம், ஊரையே காப்பாற்றினாராம். செய்தித்தாள்காரர்கள் உன்னைப் பார்க்க வருகிறார்கள். ரோவீனா, உன்னிடம் ஒரே ஒரு உதவி. அவர்களிடம் சொல். புதன்கிழமையே டெல்பர்ட் எனக்கு எழுதினார், அவர் சொல்லித்தான் வாங்கினேன் என்று சொல். அந்தக் கடிதத்தைக் காட்டு. அடுப்பில் போடவில்லை என்று எழுதினாயே, நல்ல வேளை! எனக்குத் தெரியும் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. எனக்குத் தெரிந்திருந்தது என்று ஊருக்குத் தெரிந்தால் போதும், என் வேலை தப்பிக்கும், என் பெயர் தப்பிக்கும்.

இருபத்தாறு வருஷத்துக்காகக் கேட்கிறேன். இதை மட்டும் செய்துவிடு. அடுத்த சனிக்கிழமை பெட்டியோடு வருகிறேன், இனி எதற்கும் உன் பேச்சைத் தட்ட மாட்டேன்.

உன்
டெல்

*

டல்லி க்ரீக்
செவ்வாய், பிப்ரவரி 21

டெல்,

ஹாலிஸ் வெளியே வண்டியை ஓடவிட்டுக்கொண்டு காத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை எழுதினதையும் இதோடு சேர்த்து அனுப்புகிறேன். அதை முதலில் படி.

இங்கே நாலு நாள் கரன்ட் இல்லை. லாந்தரை வைத்துக் கடையைத் திறந்து வைத்தேன். ஒளித்து வைத்த நாற்பதும் நேற்று மத்தியானம் தீர்ந்தது. யாரும் பட்டினி கிடக்கவில்லை. பாதிரியார் ஆட்டிஸ் முழங்காலளவு பனியில் வீடு வீடாகப் போய்ப் பால் கொடுத்தார். ஸ்டாலிங்ஸ் இன்று காலையில் வந்தார். தோளில் தட்டி, "நாம சரியாத் திட்டம் போட்டோம், ரோவீனா" என்றார். நாமாம்! "இனிமே எவ்வளவு சரக்குன்னு நான்தான் முடிவு பண்ணுவேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, இல்லைன்னா இந்தாங்க சாவி" என்றேன். போட்டுக் கொடுத்தார், பிரெட் காகிதத்தின் பின்பக்கத்தில்.

இப்போது டார்லாவைப் பற்றிச் சொல்கிறேன். யூலா போனில் சொன்னதற்கு அவள் சிரித்தாளாம். "அம்மா, அந்தக் கடைக்காரம்மா போன வருஷமும் இப்படித்தான் பயந்தாங்க, டிவியிலேயே சொன்னாங்களே. இன்னைக்கு மழைதான்மா" என்றாளாம். கிளம்பிவிட்டாள். நம் மலை ரோட்டில் கார் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கி, பதினோரு மணி நேரம் குழந்தையை மார்போடு வைத்துக் கோட்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு இடது கையில் இரண்டு விரல் நுனி குளிரில் உறைந்து கறுத்துவிட்டது. எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர்.

என் பேச்சை அவள் ஏன் நம்பவில்லை என்று உனக்கே தெரியும். ஆனால் அதில் என் பங்கும் இருக்கிறது, டெல். பையில் உன் கடிதம் இருந்தது. அதை எடுத்து யூலாவிடம் காட்டியிருந்தால் டார்லா நின்றிருப்பாள். உன்னை மறைக்கப் போய் நான் அதைக் காட்டவில்லை. போன வருஷம் நீ என்னைக் காட்டிக்கொடுத்தாய், இந்த வருஷம் நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று மனசுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது. நேற்று யூலா வீட்டுக்கு மலையேறிப் போனேன். கடிதத்தை அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அப்புறம், "காப்பி குடிச்சிட்டுப் போ, வழி சறுக்கும்" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

செய்தித்தாள் பையன் மத்தியானம் வருகிறான். அவன் கேட்டால் எல்லாவற்றையும் சொல்வேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நீ கேட்கிற கடிதத்தை இத்தோடு வைத்திருக்கிறேன். உனக்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சிதானே வேண்டும்? எடுத்துக்கொள். உன் மேலிடத்தில் காட்டு. ஆனால் முழுசாகக் காட்டு. யாருக்கும் தெரியக்கூடாது என்று நீ உன் கையால் எழுதினதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. மேல் பாதியை மட்டும் கிழித்துக் காட்டலாம் என்று உனக்குத் தோன்றும். தோன்றும் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை வராதே. பெட்டியோடும் வராதே, பெட்டி இல்லாமலும் வராதே. உன்மேல் ஆசை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நேற்றுக்கூட மலை இறங்கும்போது வானத்தைப் பார்த்து, இந்த மேகம் என்ன மேகம் என்று உன்னைக் கேட்க வாய் வந்தது. ஆனால் வீட்டில் ஒன்றும் வெளியில் ஒன்றும் சொல்கிற ஆளோடு இனி ஒரே மேஜையில் உட்கார என்னால் முடியாது.

பதின்மூன்று மாதமாக அந்த ஒரு வாக்கியத்துக்காகத் தினமும் டிவி முன்னால் உட்கார்ந்தேன். இன்றைக்கு நீ அதைச் சொல்லலாம், வேலையே போனாலும் போகட்டும் என்று சொல்லலாம். சொன்னால் டார்லாவுக்காகச் சொல், ஊருக்காகச் சொல். ஆறு மணிக்கு நான் டிவி போடப் போவதில்லை.

ரோவீனா